காளைக்கன்றை என்ன செய்கிறார்கள் என்று கேள்

வெள்ளகோவில்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்து நல்லபடியாக முடிந்ததில் மகிழ்ச்சி. வர முடியாமல் போனதற்கு முழங்கால்தான் காரணம், மனதில் எதுவும் வைத்துக்கொள்ளாதே. இங்கே எல்லாரும் நலம். மழையைத்தான் காணோம்.

கோவையில் உன் மகன் குடியிருக்கும் அடுக்ககத்தில் சிலர் சேர்ந்து, லிட்டர் 120 ரூபாய்க்குக் காங்கயம் மாட்டுப் பால் வரவழைக்கப் போவதாக எழுதியிருக்கிறாய். நம் ஊர்க் குடியானவர்களுக்கு இது உதவுமா என்றும் கேட்டிருக்கிறாய். உதவும், கொஞ்சம். காங்கயம் பசு இரண்டு மூன்று லிட்டர் கறந்தாலே பெரிது. நம் பாட்டன்மார் இந்த மாட்டைப் பாலுக்கென்று வளர்க்கவில்லை. ஏருக்கும், கிணற்றில் கவலை இறைக்கவும், வண்டிக்கும் காளை வேண்டும், அதை ஈனுவதற்குப் பசு வேண்டும், அவ்வளவுதான். இதில் பாலை மட்டும் நம்பிப் பிழைக்கப் பார்ப்பவன் கன்றின் பங்கில்தான் கை வைப்பான். நாட்டு மாட்டுப் பால் என்று காட்டப் பாக்கெட்டில் ஏ2 என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். 2024 ஆகஸ்டில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்த எழுத்தையே நீக்கச் சொல்லிவிட்டு, சில நாட்களில் தன் உத்தரவைத் தானே திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்த மாடு கட்டிக் கிடக்கிறதா, மேய்கிறதா என்பதை எந்த எழுத்தும் சொல்லாது. பால் தருபவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொல்: பிறக்கும் காளைக்கன்றுகளை என்ன செய்கிறீர்கள்?

பெண் கன்றான கிடாரிக்கு எப்போதும் விலை உண்டு. காளைக்கன்றின் மதிப்பு டிராக்டர் வந்தபோதே பாதி இறங்கிவிட்டது. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டோடு மாட்டுவண்டிப் பந்தயத்தையும் தடை செய்ததும் மீதியும் இறங்கியது. அந்தத் தடையை எதிர்த்து 2017 ஜனவரியில் மெரினாவில் கூடிய கூட்டம் உனக்கு நினைவிருக்கும். பலருடைய சட்டையில் காங்கயம் காளை திமிலோடு நின்றது. அதே ஜனவரியில்தான் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. சட்டையில் காளை ஏறிய அந்தக் காலத்தில் இங்கே தீவனம் வாங்க வழியில்லாமல் காளையை வந்த விலைக்குத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அந்தப் பஞ்சத்திலும் சிலர் தாக்குப்பிடித்தார்கள் என்றால் அது கொறங்காடு என்னும் நம் மேய்ச்சல் நிலத்தால். உன் மகன் அந்தப் பெயரைக் கேட்டிருக்கவே மாட்டான், அவனுக்கும் படித்துக் காட்டு. சுற்றிலும் கிளுவை முள்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம். ஆண்டுக்கு ஏறத்தாழ 600 மி.மீ. மழை பெய்யும் மண்ணில் இதைவிடப் பொருத்தமான விவசாயம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. புல் காய்ந்தாலும் வேர் சாகாது, ஒரு மழைக்கே துளிர்த்துவிடும். காட்டைத் துண்டு துண்டாக வேலியிட்டு, ஒன்றில் மேய்க்கும்போது இன்னொன்றைத் தழைய விடுவார்கள். கோடையில் உதிரும் வேலங்காயை ஆடுகள் பொறுக்கித் தின்னும். வேலியின் வாசலான கடவை அடைத்துவிட்டால் மேய்ப்பவர்கூட வேண்டாம். மாடு கயிறில்லாமல் திரியும், எருவைத் தானே காட்டுக்குப் போட்டுவிடும். பக்கத்து வீட்டு அக்கா தனி ஆளாக ஒரு மந்தையையே பார்த்துக்கொள்கிறார். நம் காட்டையும் அவருக்குத்தான் மேய்ச்சல் குத்தகைக்கு விட்டிருக்கிறேன்.

இப்போது சாலையோரக் கொறங்காடு ஒவ்வொன்றாக மனையாகிறது. நிலத்துக்குக் கேட்கும் விலையோடு புல்லின் வருமானம் போட்டி போட முடியாது. பையன்கள் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. இது போதாதென்று தெருநாய்த் தொல்லை. இரவில் பட்டிக்குள் புகுந்து குதறிவிட்டுப் போகின்றன. செத்த ஆடுகளைச் சாலையில் போட்டு மறியல் செய்துதான் இழப்பீடு கேட்க வேண்டியிருந்தது. கண் முன்னால் ஆடு அப்படிக் கிடப்பதைப் பார்த்தவர் மறுபடி ஆடு வாங்கத் துணிய மாட்டார்.

ஆகவே என் யோசனை இது. பாலை வாங்குங்கள், ஆனால் பாலோடு நின்றுவிடாதீர்கள். கொறங்காட்டைக் காப்பாற்றுவது பெரும்பாலும் ஆடுதான்; மேச்சேரி இனச் செம்மறியாட்டை விற்ற காசில்தான் மாட்டுக்குச் சோளத்தட்டு வாங்குகிறார்கள். அந்த ஆட்டை வியாபாரி கண்மதிப்பில் ஒரு விலை சொல்லி ஏற்றிக்கொண்டு போகிறான். எடை போட்டு, உயிர் எடைக்கு நேரான விலை கொடுத்து நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து வாங்கினால் இங்கே அது பெரிய மாற்றம். ஆட்டை லாரியில் அடைத்து நெடுந்தூரம் கொண்டுபோகவும் வேண்டாம். இங்கேயே அறுத்துக் காலையில் அனுப்பினால் மதியச் சமையலுக்கு ஆகிவிடும். கறி தின்னாத வீட்டார் எரு வாங்கலாம், மாடித் தோட்டம் வைத்திருப்பார்களே.

காளைக்கன்றுக்கு மட்டும் எனக்கு முழு விடை தெரியவில்லை. பசுக்களோடு சேர்க்கும் பூச்சிக்காளையாக ஒன்றிரண்டுதான் நிற்கும். சிலர் செக்குக்குப் பழக்குகிறார்கள், தடை நீங்கிய பின் சிலர் ரேக்ளா வண்டிப் பந்தயத்துக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ வா, பழையகோட்டை மாட்டுச் சந்தைக்குப் போய் விற்கிறவர்களிடமே கேட்போம். மகனையும் கூட்டி வா, வண்டி ஓட்ட ஆள் வேண்டும்.

தீபாவளிக்கு எத்தனை வீட்டுக்குக் கறி வேண்டும் என்று அவனிடம் விசாரித்து எழுது. அக்காவிடம் கிடாய்களுக்கு முன்பணம் இப்போதே கொடுத்துவிட்டால், அவர் அவசரத்துக்கு வியாபாரியிடம் போக வேண்டியிருக்காது. தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு,
உன் மச்சான்