பெயரில் மட்டும் மேடு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஃபெஞ்சல் புயல் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். மாடு வைத்திருப்பவர்கள் முன்னதாகவே மேட்டுக்கு ஓட்டிப் போயிருந்தால் இழப்பு குறைந்திருக்குமாம். நல்ல யோசனை. நாணமேடு, உச்சிமேடு என்று எங்கள் பக்கத்து ஊர்களுக்குப் பெயரில் மட்டும்தான் மேடு இருக்கிறது என்பது தாங்கள் அறியாததல்ல.

2024 டிசம்பரில் சாத்தனூர் அணையில் விநாடிக்கு 1.68 லட்சம் கனஅடி திறந்து, தென்பெண்ணை ஆறு ஊருக்குள் வந்த இரவு, கயிற்றை அறுத்துவிட்டதால் இரண்டு மாடுகள் பிழைத்தன. கன்றுக்குட்டி போய்விட்டது. நிவாரணம் கேட்கப் போனால் உடல் எங்கே, டாக்டர் சான்று எங்கே என்றார்கள். கடலில்தான் தேட வேண்டும் என்றேன். 2015 வெள்ளத்தில் ஐந்து ஆடுகள் செத்து, நாற்றம் தாங்காமல் புதைத்துவிட்டோம். கணக்கெடுக்க வந்தவர் ஏன் புதைத்தாய் என்று கோபித்துக்கொண்டார். 2011 ‘தானே’ புயலில் தொழுவத்தின் கூரையே பறந்தது, அதை யாரும் கேட்கக்கூட இல்லை.

இந்த முறை கறவை மாடு செத்தால் 37,500 ரூபாய், ஆட்டுக்கு 4,000, கோழிக்கு 100 என்று அரசு அறிவித்தது. புதுச்சேரியில் மாட்டுக்கு 40,000. மாடு நீந்திப் போய் எல்லை தாண்டிப் புதுச்சேரிப் பாகூரில் செத்திருந்தால் 2,500 கூடுதலாகக் கிடைத்திருக்குமே என்றார் பக்கத்து வீட்டு அண்ணன்.

சரி, சாகாத மாட்டுக்கு? மூன்று நாள் சேற்றுத் தண்ணீரில் நின்றதில் ஒன்றுக்குக் குளம்பெல்லாம் புண், இன்னொன்றுக்கு மடிவீக்கம். எட்டு லிட்டர் கறந்தது மூன்றுக்கு வந்துவிட்டது. வைக்கோல் போரும் ஆற்றோடு போயிற்று. ஊசிக்கும் தீவனத்துக்கும் வீட்டுக்காரியின் தோடு அடகுக் கடையில் இருக்கிறது. அப்போது உங்கள் புகைப்படக்காரர் வந்து அந்த மாட்டைப் படம் எடுத்துப் போனார். அட்டையிலேயே வந்தது. மாட்டுக்குப் பெருமைதான்.

பேரிடர் நிவாரண நிதிக்கான 2022-26 விதிகளை என் மகள் செல்போனில் காட்டினாள். கால்நடை முகாமில் தீவனம், தண்ணீர், மருந்துக்கு என்று பெரிய கால்நடைக்கு நாளொன்றுக்கு 80 ரூபாய், சின்னதற்கு 45 ரூபாய் கொடுக்க அதில் இடமிருக்கிறது. அப்படி ஒரு முகாம் எங்கள் தெருப் பக்கம் வரவில்லை. ஐப்பசிக்கு முன்னால் அந்த விதியை மட்டும் ஒரு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். வெட்டி எடுத்துப் போய் ஆபீசில் காட்ட வேண்டும், கொஞ்சம் பெரிய எழுத்தாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
தென்பெண்ணைக் கரை வாசகர்,
கடலூர்.