பள்ளி மின்னஞ்சல்கள் வந்து சேராதது குறித்து

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம்.

காலாண்டுத் தேர்வு அட்டவணை, கட்டண ரசீது, வருகை விவரம் என எதுவும் சில வாரங்களாக உங்களில் பலருக்கு மின்னஞ்சலில் வரவில்லை. கேட்டவர்களுக்கு அலுவலகத்தில் “அனுப்பிவிட்டோமே” என்று பதில் கிடைத்திருக்கிறது. இரண்டு தரப்பு சொன்னதும் உண்மைதான். அது எப்படி என்று விளக்கவும், உங்களிடம் சில வேலைகளைக் கேட்டுக்கொள்ளவும் இந்தக் கடிதம். இதைத் தாளில் அச்சிட்டு டைரியில் வைத்து அனுப்புவது ஏன் என்று சொல்லத் தேவையில்லை.

விடுமுறையில் பள்ளி நிர்வாக மென்பொருளைப் புதிய பதிப்புக்கு மாற்றினோம். அது இயங்கும் சர்வரும் கூடவே மாறியது. புதிய பதிப்பில் ஒரு கடிதம் அனுப்பினால் ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் பச்சை டிக் விழும். அலுவலகத்தார் அதைப் பார்த்துத்தான் அப்படிச் சொன்னார்கள். கடிதம் எங்கள் மென்பொருளை விட்டுப் புறப்பட்டது என்பதற்கு மட்டுமே அந்த டிக் சாட்சி. எதிர்முனையில் ஜிமெயில் அதை வாங்கிக்கொண்டதா, மறுத்ததா என்பது சர்வரின் பதிவுக் கோப்பில் தனியாக இருக்கிறது. கணினி ஆசிரியர் அதைத் திறந்தபோது வரிக்கு வரி 550 என்ற எண். 4-இல் தொடங்கும் எண் வந்தால் ‘இப்போது முடியாது, பிறகு வா’ என்று பொருள். சர்வர் தானே மறுபடி முயலும். 5-இல் தொடங்கினால் கதை முடிந்தது. 550-க்கு அடுத்து 5.7.26 என்றும் இருந்தது. அனுப்பியவர் யார் என்பது உறுதிப்படவில்லை, அதனால் ஏற்க முடியாது என்பது அதன் பொருள்.

எல்.கே.ஜி. குழந்தைகளை மாலையில் யார் யார் அழைத்துப் போகலாம் என்று நீங்கள் எழுதிக் கொடுத்த பட்டியல் எங்கள் வாசல் காவலரிடம் இருக்கிறது. பட்டியலில் பெயர் இல்லையென்றால் சொந்தத் தாய்மாமனே வந்தாலும் அவர் குழந்தையை விடமாட்டார். எஸ்.பி.எஃப். என்ற பதிவும் அப்படித்தான்: பள்ளியின் பெயரில் எந்தெந்த சர்வர் கடிதம் அனுப்பலாம் என்று உலகத்துக்குச் சொல்லும் பட்டியல். அதில் பழைய சர்வரின் எண் மட்டும் இருந்தது. இதுபோக, ஒவ்வொரு கடிதத்திலும் டிகேஐஎம் என்ற மின்கையொப்பம் சேரும். புதிய பதிப்பு தனக்கென்று புதிய சாவி ஒன்றை உருவாக்கிக்கொண்டு அதில் கையொப்பமிட, சரிபார்ப்பதற்காக நாங்கள் வெளியிட்டிருந்ததோ பழைய சாவி. ஆக இரண்டு சோதனையிலும் தோல்வி. 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும் இந்த விதிகளைக் கடுமையாக்கியிருக்கின்றன. ஜிமெயிலுக்கு நாளுக்கு 5,000 கடிதங்களுக்கு மேல் அனுப்புவோருக்கு இரண்டுமே கட்டாயம். நாம் அந்த அளவில் இல்லை. நமக்கு ஒன்றாவது சரியாக இருந்தால் போதும். அந்த ஒன்றும் இல்லை.

முதலில் பட்டியலைத் திருத்தினோம். சோதனைக் கடிதம் என் ஜிமெயிலுக்கு வந்துவிட்டது. ஆசிரியர் அதன் மூல வடிவத்தைத் திறந்து காட்டினார்: எஸ்.பி.எஃப். பாஸ், டிகேஐஎம் ஃபெயில். (இந்தச் சொற்களை மார்க் ஷீட்டில் மட்டுமே பார்த்துப் பழகிய எனக்கு அதைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.) கடிதம்தான் வந்துவிட்டதே என்று விடவும் முடியாது. வளைகுடாவில் வேலை செய்யும் அப்பாக்கள் சிலர் ஒரு முகவரிக்கு வரும் கடிதத்தை இன்னொன்றுக்குத் தானாகப் போகும்படி வைத்திருக்கிறார்கள். அப்படிக் கை மாறும்போது பட்டியல் சோதனை தவறிவிடும், கையொப்பம்தான் காப்பாற்றும். இப்போது புதிய சாவியையும் வெளியிட்டாயிற்று. இனி வாரம் ஒருமுறை பதிவுக் கோப்பைப் பார்த்து, திரும்பிய முகவரிகளின் பட்டியலை வகுப்பாசிரியர்களிடம் தரும்படி அலுவலகத்துக்குச் சொல்லியிருக்கிறேன்.

இனி உங்கள் பக்கம். திரும்பி வந்தவற்றில் எல்லாமே இந்தக் காரணத்தால் வந்தவை அல்ல. சிலருடைய ஜிமெயில் நிரம்பிவிட்டது. இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி இடத்தில்தான் உங்கள் போட்டோக்களும் இருக்கின்றன. ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸ்அப் பேக்கப்பும் 2024 முதல் அதே கணக்கில் சேர்கிறது. ‘காலை வணக்கம்’ படங்களும் கல்யாண வீடியோக்களும் இடத்தை அடைத்துக்கொண்டால், பிள்ளையின் மதிப்பெண் பட்டியல் வாசலோடு திரும்பிவிடும். தயவுசெய்து கொஞ்சம் ஒழித்துவையுங்கள். இன்னும் சிலருக்கு, போன் வாங்கிய கடையில் தொடங்கிக் கொடுத்த முகவரியே சேர்க்கைப் படிவத்தில் இருக்கிறது; அதன் பாஸ்வேர்ட் யாருக்கும் தெரியாது. முகவரியின் கடைசியில் ‘காம்’ என்பதற்குப் பதில் ‘கான்’ என்று எழுதியவர்களும் உண்டு. இணைப்புச் சீட்டில் இப்போது பயன்படுத்தும் முகவரியைத் தெளிவாக எழுதி வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள்.

ஸ்பேம் பகுதியையும் ஒருமுறை பாருங்கள். அங்கே போனவை 30 நாளில் தானாக அழிந்துவிடும். பள்ளிக் கடிதம் இருந்தால் ‘ஸ்பேம் அல்ல’ என்று அழுத்துங்கள். எரிச்சலில் யாரும் பள்ளிக் கடிதத்தை ஸ்பேம் என்று குறிக்க வேண்டாம். அந்தப் புகார் 0.3 சதவீதத்தை, அதாவது ஆயிரத்துக்கு மூன்றை, எட்டக் கூடாது என்கிறது கூகுள். நம்முடையதைப் போன்ற சிறிய பள்ளிக்கு அது சில பேர் கணக்குதான்.

விட்டுப்போன கடிதங்களில் ரசீதுகளும் தேர்வு அட்டவணையும் மட்டும் மறுபடி வரும். புதிய சர்வரிலிருந்து மொத்தமாகக் கொட்டினால் சந்தேகத்துக்கு ஆளாவோம் என்பதால் வகுப்பு வாரியாக அனுப்புகிறோம். பெரிய வகுப்புகளுக்கு முதலில். கட்டண நினைவூட்டல் கிடைக்காதவர்களிடம் இந்தப் பருவத்துக்குத் தாமதக் கட்டணம் வாங்கப்பட மாட்டாது. ஏற்கெனவே கட்டியிருந்தால் அடுத்த பருவத்தில் கழித்துக்கொள்ளப்படும். தானியங்கிக் கடிதத்துக்கே பதிலாக விடுப்பு விண்ணப்பம் அனுப்பியவர்கள், அதை டைரியில் எழுதி அனுப்புங்கள். அந்தப் பெட்டியை யாரும் திறப்பதில்லை.

ஓர் எச்சரிக்கை. இந்தக் குழப்பத்தைப் பயன்படுத்தி, “பள்ளியின் வங்கிக் கணக்கு மாறிவிட்டது” என்று யாராவது கடிதம் அனுப்பலாம். நம் கணக்கு மாறவில்லை. பள்ளியின் பெயர் மேலே தெரிகிறதே என்று நம்ப வேண்டாம், அதை யாரும் போட்டுக்கொள்ள முடியும். முழு முகவரியையும் டைரியின் முதல் பக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

பாஸ்வேர்ட் மறந்தவர்களுக்காகவும், போனில் இடம் ஒழிக்கத் தெரியாதவர்களுக்காகவும் வரும் வெள்ளிக்கிழமை மாலை 4 முதல் 6 மணி வரை கணினி ஆய்வகம் திறந்திருக்கும். போனையும் சார்ஜரையும் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்

இணைப்பு: மின்னஞ்சல் முகவரிச் சீட்டு