கருடனுக்கு நான் கொடுத்த தண்ணீர்

கொழிஞ்சாம்பாறை,
நவம்பர் 24

அன்புள்ள செல்விக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். செவலைப் பசு கன்று போட்டிருக்கிறது, கிடேரி.

நேற்று நீ போனில் அழுததிலிருந்து அம்மா சரியாகத் தூங்கவில்லை. எனக்கும் அதே நினைப்புதான். பேச்சில் எனக்கு வராது, அதனால் எழுதுகிறேன்.

இனி பிழைக்காது என்று டாக்டர் வலியில்லாமல் உயிர் போக ஊசி போட்டபோது அந்த வெண்தலைக் கழுகைப் பிடித்திருந்தது நீதான் என்றாய். "பறவை வைத்தியம் கற்க அமெரிக்காவில் மினசோட்டா வரைக்கும் வந்தது இதற்கா" என்று கேட்டாய்.

நீ ஒன்பதாவது படிக்கும்போது நம் தோப்பில் ஒரு கருடன் விழுந்ததே, ஞாபகம் இருக்கிறதா? மின்கம்பியில் அடிபட்டு விழுந்தது. பார்த்தவர்கள் எல்லாம் கன்னத்தில் போட்டுக்கொண்டு தள்ளியே நின்றார்கள். நான்தான் தோள் துண்டைப் போட்டுத் தூக்கினேன். காலைப் பிடிக்கத் தெரியாமல் பிடித்ததில் ஒரு நகம் கட்டைவிரலில் இறங்கியது. தழும்பு இன்னும் இருக்கிறது. மார்பெலும்பு துண்டுக்கு மேலேயே கத்தி முனை மாதிரி தட்டுப்பட்டது. பாவம், தாகமாக இருக்கும் என்று இங்க் பில்லரில் தண்ணீர் எடுத்து, அலகைத் திறந்து ஊற்றினேன். மூக்குத் துவாரத்தில் குமிழி வந்தது. இரண்டு தடவை தலையை உதறியது. விளக்கு வைக்கிற நேரத்துக்கு முன்பே அடங்கிவிட்டது.

கரண்ட் அடித்ததால் செத்தது என்று உன்னிடம் சொன்னேன். நானும் அப்படித்தான் நம்பினேன். மூச்சுக்குழலின் வாய் நாக்குக்குப் பின்னாலேயே திறந்திருக்கும், அதைத் தாண்டிக் குழாயை விட்டுத்தான் நீர் கொடுக்க வேண்டும் என்று போன மாதம் நீ சொன்னாயே, அன்று ராத்திரிதான் எனக்கு விளங்கியது. அன்றைக்கு இதைச் சொல்ல வாய் வரவில்லை. இப்போது சொல்கிறேன் கண்ணு. இரக்கம் எனக்கும் நிறைய இருந்தது. கைக்குத்தான் பழக்கம் இல்லை.

நீ இருப்பது 1974இலிருந்து இந்தப் பறவைகளுக்கென்றே வைத்தியம் பார்க்கும் இடம். அங்கேயே எல்லாம் திரும்பப் பறந்துவிடுவதில்லை. மானைச் சுட்டவர்கள் குடலைக் காட்டிலேயே போட்டுவிட்டுப் போக, அதிலிருந்த ஈயத் துணுக்கு ஓர் அரிசி அளவுதான் இருந்தாலும் கழுகைச் சாய்த்துவிடும் என்றாய். இறக்கை தொங்கி, கால்விரல் மடங்கி, எச்சம் பச்சையாகி வந்து சேர்ந்த அந்தக் கழுகை, ரத்தத்திலிருந்து ஈயத்தை எடுக்கும் மருந்து காப்பாற்றும் கட்டம் தாண்டிவிட்டது. எது பிழைக்கும், எதை இனி நோகவிடக் கூடாது என்று பார்த்துச் சொல்வதும் வைத்தியம்தானே? அது கடைசியாக உன் கையில் இருந்ததில் எனக்கு வருத்தமே இல்லை.

ஈயக் கதையைக் கேட்டபோது நம் தொழுவம்தான் நினைவுக்கு வந்தது. மாடு நொண்டினால் டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்தைப் போடச் சொல்லி நானே எத்தனை முறை கேட்டிருக்கிறேன்! அந்த மாடு செத்தால் அதைத் தின்னும் பாறுக் கழுகின் சிறுநீரகம் கெட்டுப்போகும் என்று 2004இல்தான் கண்டுபிடித்தார்கள். 2006இல் மாட்டுக்கு அதைத் தடை செய்தார்கள். 2023இல் கீட்டோபுரோஃபெனும் அசிக்ளோஃபெனாக்கும் போயின. இப்போது நான் மெலாக்சிகாம் என்று பெயர் சொல்லித்தான் கேட்கிறேன். நீ ஊருக்கு வந்தால் பறவையோடு நிற்காதே, மாடு வைத்திருப்பவர்களிடமும் பேசு. இங்கே பாதி வைத்தியம் தொழுவத்தில்தான் இருக்கிறது.

அப்புறம் ஒரு விஷயம். போன செவ்வாய்க்கிழமை கிணற்றடியில் ஒரு வல்லூறு கிடந்தது, இடது இறக்கை தொங்கியபடி. இந்த முறை துண்டால் தலையை மூடி, இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்து, ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் வைத்தேன். சோறும் தண்ணீரும் கொடுக்கவில்லை. பெட்டியை இருட்டான அறையில் வைத்துவிட்டு வனத்துறைக்குப் போன் செய்தேன். உன் அம்மா ஒரு வாய் தண்ணீராவது கொடுங்கள் என்று மூன்று முறை கேட்டாள். நான் கதவை விட்டு நகரவில்லை. வந்தவர் "பிராப்பிடியன்" என்று மலையாளத்தில் பெயர் சொல்லி, மண்ணுத்தி கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம் என்றார். நேற்று விசாரித்தேன். உயிரோடு இருக்கிறது, எலும்பு மூட்டுக்குப் பக்கத்தில் முறிந்திருக்கிறதாம். அப்படி முறிந்தால் திரும்பப் பறக்குமா? உன் டாக்டரிடம் கேட்டுச் சொல்.

அப்பா