பாட்டியின் 30 மார்க்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் பேசினால் பாட்டி பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்கிறார், அதனால்தான் கடிதம்.

போன வாரம் அவரை ஞாபகச் சோதனைக்கு அழைத்துப் போனோம். கேள்வியெல்லாம் மலாய் மொழியில். இன்றைக்கு என்ன தேதி, 100-இலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள், ஒரு வாக்கியம் எழுதுங்கள். பள்ளிக்கூடப் பக்கமே போகாதவர். பேனாவை வாங்கி, ரப்பர் மரத்தில் பால் வெட்டும் உளியைப் பிடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். 30-க்கு 11. மறதி நோய் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வழியெல்லாம் எனக்கு அழுகை.

அந்தச் சோதனை 1975-இல் அமெரிக்காவில் வந்தது, படிக்காதவர்களுக்கு அதில் மார்க் குறையும் என்று அன்று ராத்திரி நீ சொன்னாய். சரி. ஆனாலும் எனக்குத் தூக்கம் வரவில்லை.

விடிகாலை நாலு மணிக்கே எழுந்துவிடுகிறார். செவ்வாய்க்கிழமை மழை. ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்து, "பட்ட நனஞ்சிருக்கும், இன்னைக்கு வெட்டு இல்ல" என்று திரும்பப் படுத்துக்கொண்டார். அவர் பால் வெட்டிய தோட்டத்தில் இப்போது ரப்பர் இல்லை, எண்ணெய் எடுக்கும் செம்பனைதான் நிற்கிறது. இது மறதியா, நாற்பது வருஷம் உடம்பில் ஊறிய பழக்கமா? தான் வெட்டிய மர வரிசையில், அந்த நிரையில், எந்த மரம் பால் கம்மி என்று இன்றும் சொல்கிறார். அதே பாட்டிதான் இந்த மாதம் இரண்டு தடவை அடுப்பை அணைக்க மறந்தார்.

நர்ஸ் வேலையை விட்டுவிட்டு முதுமையியலில் மாஸ்டர்ஸ் என்று நீ செர்டாங் பல்கலைக்கழகத்துக்குக் கிளம்பியபோது நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. தப்புதான், பாப்பா. டாக்டர் மூளையைப் பார்த்தார். உதவிப்பணம் கேட்ட இடத்தில் வருமானத்தைப் பார்த்தார்கள். தோட்டத்து லயத்து வீடுகளை உடைத்துவிட்டு மூன்றாம் மாடியில் வீடு கொடுத்தவர்கள் அவர் முட்டியைப் பார்க்கவில்லை. படி இறங்க முடியாததால் பேச்சுத்துணை போயிற்று. தனிமையும் மறதியைக் கூட்டும் என்று நீதானே சொன்னாய்! மருத்துவம், சமூகநலம், கட்டடம் படித்தவர்களெல்லாம் உன் வகுப்பில் ஒன்றாக உட்கார்கிறீர்கள் என்றாயே, அதைத்தான் நான் நம்பியிருக்கிறேன்.

ஆய்வுக்கு ஆள் தேடுவதாகச் சொன்னாய். நம் ஊர் சுங்கை சிப்புட்டுக்கே வா. நம் பிளாக்கில் மட்டும் 70 தாண்டியவர்கள் எட்டுப் பேர். தமிழில் கேள். தேதியையும் கேள், நிரையையும் கேள். பாட்டிக்கு நிஜமாகவே நோய் என்றால் அதையும் மறைக்காமல் என்னிடம் சொல்.

வெள்ளிக்கிழமை பஸ் ஏறினால் ஈப்போவில் அப்பா வந்து ஏற்றிக்கொள்வார்.

அம்மா