ஈபாக் வேண்டாம் என்று முடிவு செய்தோம்

அன்பு மகளுக்கு,

என் நிணநீர்ப் புற்றுநோய்க்கு எந்த வைத்தியம் நல்லது என்று நீ வாட்ஸ்அப்பில் அனுப்பியதையெல்லாம் பிரிண்ட் எடுத்து, சிவப்புப் பேனாவால் கோடு போட்டு டாக்டரிடம் கொண்டுபோனேன். வாத்தியார் புத்தி எங்கே போகும்? அவர் சிரிக்கவில்லை, பொறுமையாகப் படித்தார்.

உன் கட்சி ஈபாக் என்கிற மருந்துக் கூட்டு. நாலு நாள், 96 மணி நேரம், ராத்திரி பகலாக மருந்து இறங்கிக்கொண்டே இருக்கும். எந்த நேரம் பிரிகிற செல்லும் தப்பாது என்கிறாய். டாக்டர் சொல்கிற இன்னொரு கூட்டு, ஆர்-சாப் என்றால் காலையில் போய்ச் சாயங்காலம் வீடு திரும்பலாம். 21 நாளுக்கு ஒரு தடவை, ஆறு தடவை. அதனாலேயே அது லேசான வைத்தியம் என்று எனக்கும்கூடத் தோன்றியது.

ஆனால் அமெரிக்காவில் இரண்டையும் மோதவிட்டே பார்த்துவிட்டார்கள். 491 பேர், 2019-இல் முடிவு வந்தது. இரண்டு வருஷத்தில் நோய் தலைதூக்காமல் இருந்தவர்கள் ஈபாக்கில் 78.9 சதவீதம், ஆர்-சாப்பில் 75.5. கணக்கு வாத்தியார் சொல்கிறேன், அந்த 3.4 தற்செயலாகவே வரக்கூடியது. கை கால் கடுமையாக மரத்துப்போனதோ ஆர்-சாப்பில் நூற்றுக்கு மூன்று பேருக்கு, ஈபாக்கில் ஏறக்குறைய பத்தொன்பது பேருக்கு. வெள்ளணு விழுந்து காய்ச்சல் வந்ததும் அங்கேதான் இரட்டிப்பு. எனக்கு 68 வயது, மகளே.

இரண்டு மரபணு ஒருசேர மாறிய, முரட்டு டபுள் ஹிட் வகையாக இருந்தால் அவரே ஈபாக் பக்கம் போயிருப்பாராம். மரபணுவைப் பார்க்கிற ஃபிஷ் சோதனையில் அது இல்லை.

நீ சொன்ன புது மருந்து போலட்டுசுமாப் பற்றியும் கேட்டேன். 2022-இல் மருத்துவ இதழில் அச்சான முடிவில், இரண்டு வருஷத்தில் நோய் முற்றாமல் இருந்தவர்கள் ஆர்-சாப்பில் இருந்த 70.2 சதவீதத்திலிருந்து 76.7 ஆகியிருக்கிறார்கள். உயிரோடு இருப்பவர் எண்ணிக்கையில் அந்த இரண்டு வருஷத்தில் வித்தியாசம் இல்லை. விலை உனக்கே தெரியும். அந்தப் பணத்தில் உன் வீட்டுக் கடனைக் கட்டு.

ஒரு வேடிக்கை சொல்லவா? ஆர்-சாப்பில் வரும் வின்கிறிஸ்டின், நித்திய கல்யாணியிலிருந்து எடுப்பதாம். கிணற்றடியில் பூத்துக் கிடக்கிறதே, அதே செடி. உன் அம்மா தினமும் பிள்ளையாருக்குப் பறித்து வைக்கிறாள். கஷாயம் போட்டுக் கொடுக்கட்டுமா என்றாள். வேண்டாம் தாயே, விஷம் என்றேன்.

எக்கோ பார்த்தாயிற்று, இதயம் சரியாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை முதல் ஊசி. நீ டிசம்பர் டிக்கெட்டை மாற்றாதே. அதற்குள் நாலு சுற்று முடிந்திருக்கும், இடையில் எடுக்கிற ஸ்கேனும் கையில் இருக்கும்.

கூடவே ஐந்து நாள் பிரெட்னிசலோன் மாத்திரை, தினம் 100 மில்லிகிராம். சர்க்கரை ஏறும் என்று டாக்டர் சொல்லி வாய் மூடவில்லை, உன் அம்மா அல்வா டப்பாவை எங்கேயோ ஒளித்துவிட்டாள். போன் பேசும்போது எங்கே என்று நைசாகக் கேட்டுச் சொல்.

அப்பா