இறுக்குறதுக்கு கணக்கு சொல்றாங்க, விடுறதுக்கு யாரும் சொல்றதில்ல

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

நம்ம பேப்பர்ல ஞாயித்துக்கிழமை வர்ற உடல்நலப் பக்கத்த விடாம படிக்கிறவன் நான். முதுகுவலி, சுகர், தைராய்டு எல்லாம் மாத்தி மாத்தி வருது, சந்தோஷம்தான், ஆனா விறைப்பு, விந்து சீக்கிரம் வெளியேறுறது, உறுப்போட அளவுன்னு ஆம்பளைங்க வீட்டுலகூட வாய் விட்டு சொல்லாம வெச்சிருக்கிற பிரச்சனைய பத்தி ஒரு வரி வர்றதில்ல, அதனால இருபது இருபத்தஞ்சு வயசு பசங்க ஃபோன்ல வர்ற வீடியோவ பாத்துட்டு அதுக்கான பயிற்சிய அவங்களே ஆரம்பிச்சிடுறாங்க. நான் மதுரைல ஃபிசியோதெரபிஸ்ட்டா இருக்கேன். முட்டி வலின்னு வந்து உக்காந்துட்டு, கூட வந்தவங்க வெளிய போனதும் மெதுவா கேப்பாங்க, "சார் அந்த எக்ஸர்சைஸ் வாரத்துல எத்தன நாள் பண்ணனும், எத்தன நாள் ரெஸ்ட் விடணும்?"

ஜிம்முக்கு போற பசங்களுக்கு இந்த கேள்வி இயல்பா வர்றதுதான். தசைய வேலை வாங்குனா அதுல நுணுக்கமா சேதாரம் ஆகும், ரெஸ்ட்லதான் அது தேறி பலமாகும், அதுக்குத்தான் ஒரு நாள் விட்டு ஒரு நாள்னு கணக்கு. ஆனா ஆணுறுப்புக்குள்ள கை கால்ல இருக்கிற மாதிரி தசை கெடையாது, இருக்கிறது ரத்தம் நெறையுற பஞ்சு மாதிரி திசு, அத சுத்தி கெட்டியா ஒரு உறை. ஜெல்க்கிங்னு சொல்லி இழுத்து இழுத்து உருவுற பயிற்சிய ரெண்டு நாள் பண்ணு ஒரு நாள் விடுன்னு அட்டவணை போட்டு குடுக்குறாங்க, அந்த அட்டவணைக்கு எந்த அடிப்படையும் இல்ல. உறைல அடி பட்டா அது ஆறுறப்போ தழும்பா ஆறலாம், தழும்பு விழுந்த பக்கமா உறுப்பு வளைஞ்சிடலாம், வலியும் வரலாம், அதுக்கு பெய்ரோனி நோய்னு பேரு, எத்தன நாள் ரெஸ்ட் விட்டாலும் அந்த தழும்பு தசையா மாறாது. அளவு பத்தின பயத்துலதான் முக்காவாசி பேரு இதுல எறங்குறாங்க. 2015ல பதினஞ்சாயிரம் பேருக்கு மேல அளந்த ஆய்வுகள ஒண்ணா சேத்து பாத்தாங்க, விறைச்ச நெலைல சராசரி 13 செ.மீ.க்கு கொஞ்சம் கூட, அவ்ளோதான். பயந்துட்டு வர்ற பசங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு ஒரு குறையும் இருக்காது.

உண்மைலயே பயிற்சி குடுக்க வேண்டிய தசை வேற எடத்துல இருக்கு. இடுப்புக்கு அடில, முன்னாடி எலும்புலேர்ந்து பின்னாடி வால் எலும்பு வரைக்கும் தொட்டில் கட்டுன மாதிரி கெடக்குற இடுப்புத்தள தசை. விறைப்பு நிக்கிறதுக்கும், விந்து சீக்கிரம் வெளியேறாம தாங்குறதுக்கும், ஒண்ணுக்க அடக்குறதுக்கும் இது வேணும். அமெரிக்காவுல ஆர்னால்ட் கெகல்ங்கிற மகப்பேறு டாக்டர் 1948ல பிரசவம் ஆன பொம்பளைங்களுக்காக எழுதுன பயிற்சிதான் இன்னிக்கு ப்ரோஸ்டேட் (ஒண்ணுக்குப் பைக்கு கீழ இருக்கிற சுரப்பி) ஆபரேஷன் ஆன ஆம்பளைங்களுக்கும் சொல்லிக் குடுக்குறோம். 2005ல பிரிட்டன்ல கிரேஸ் டோரிங்கிற ஃபிசியோதெரபிஸ்ட் விறைப்பு பிரச்சனை இருந்த 55 பேர வெச்சு ஆய்வு பண்ணி வெளியிட்டாங்க, ஆறு மாசம் முடிஞ்சப்போ நூத்துக்கு 40 பேருக்கு பழையபடி ஆயிடுச்சு, இன்னும் நூத்துக்கு 35 பேருக்கு முன்னேற்றம், மீதி பேருக்கு பலன் இல்ல. மருந்துகூட இல்லாம இவ்ளோ பலன்ங்கிறது எனக்கு பெரிய விஷயம், ஆனா எல்லாருக்கும் கேக்காதுங்கிறதையும் சேத்துத்தான் சொல்லணும்.

இப்போ ரெஸ்ட் விஷயத்துக்கு வர்றேன், இந்த லெட்டர் எழுதுறதே அதுக்குத்தான். இந்த தசைக்கு பெரிய ரெஸ்ட் ஒவ்வொரு இறுக்கத்துக்கும் நடுவுலயே இருக்கு. நான் மேட்ல படுக்க வெச்சு, முட்டிய மடக்க சொல்லி, காத்து பிரியாம அடக்குற மாதிரி உள்ள இழுங்கன்னு சொல்லுவேன். உடனே பாத்தா தொடை ரெண்டும் கல்லு மாதிரி ஆயிடும், புட்டம் மேல எழும்பும், மூச்சு நின்னு போயிருக்கும். அதனால வாய் விட்டு ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ண சொல்லுவேன், எண்ணிட்டே இருந்தா மூச்ச புடிக்க முடியாது. அஞ்சு எண்ற வரைக்கும் இறுக்கம், அப்புறம் பத்து எண்ற வரைக்கும் முழுசா விடணும், அந்த பத்த எண்ண யாருக்கும் பொறுமை இல்ல, நாலுலயே அடுத்தத ஆரம்பிச்சிடுறாங்க. எட்டுலேர்ந்து பத்து தடவ, ஒரு நாளைக்கு மூணு வேளை, போதும். நடுவுல இழுக்குற பிடி தளந்துபோச்சுன்னு தெரிஞ்சா அந்த வேளைக்கு நிறுத்திடணும், ஏன்னா அதுக்கப்புறம் வேலை செய்யுறது தொடையும் வயிறும்தான். ஒண்ணுக்கு போறப்போ பாதில நிறுத்தி பாக்குறது தசை எங்க இருக்குன்னு கண்டுபுடிக்க மட்டும்தான், அதையே தெனம் பயிற்சியா பண்ணக்கூடாது.

சில பேரு பைக் ஓட்டுறப்போ, ஆபிஸ்ல சேர்ல உக்காந்திருக்கிறப்போன்னு நாள் பூரா இறுக்கிட்டே இருக்காங்க. கொஞ்ச நாள்ல தசைக்கு விடுறதே மறந்து போயிடும். ஒண்ணுக்கு விட்டு விட்டு வரும், முக்கணும், விதைக்கும் மலவாய்க்கும் நடுவுல வலி, விந்து வந்தப்புறம் வலி, சீக்கிரம் வெளியேறுறது இன்னும் மோசமாகும். உடனே பயிற்சி பத்தலன்னு இன்னும் கூட்டுவாங்க, பாக்க எனக்கு மனசு கஷ்டமா இருக்கும். இவங்களுக்கு இறுக்குற பயிற்சிய மொத்தமா நிறுத்திட்டு வயிறு உப்புற மாதிரி மூச்ச உள்ள இழுத்து தசைய தளத்துறதத்தான் மொதல்ல சொல்லிக் குடுப்போம்.

பலன் தெரிய மூணு மாசமாச்சும் ஆகும். தூக்கமும் இதுல சேந்ததுதான், ராத்திரி தூக்கத்துல தானா மூணு நாலு தடவ விறைப்பு வந்து அந்த திசுவுக்கு புது ரத்தம் போகும், ரெண்டு மணி வரைக்கும் ஃபோன் பாத்துட்டு காலைல பயிற்சி பண்ணி என்ன பிரயோஜனம். நாப்பது தாண்டுனவங்களுக்கு புதுசா விறைப்பு குறைஞ்சா பயிற்சிய யோசிக்கிறதுக்கு முன்னாடி சுகர், பிபி, கொழுப்பு டெஸ்ட் பண்ணி டாக்டர பாக்கணும், அங்க போற ரத்தக்குழாய் இதயத்துக்கு போறத விட சின்னது, அடைப்பு இங்க மொதல்ல தெரியும், இதயத்துல அப்புறம்.

ஐயா, 1954லயே ஆட்சேபகரமான மருந்து விளம்பரங்களுக்கு எதிரா சட்டம் வந்தாச்சு, ஆண்மைய கூட்டுறோம்னு மருந்துக்கு விளம்பரம் பண்றத அது தடுக்குது. ஆனாலும் ராத்திரி பதினோரு மணிக்கு மேல டிவிய போட்டா அதுதான் ஓடுது. அந்த எடத்த நம்ம பேப்பர் நிரப்பலாம். ஒரு யூராலஜிஸ்ட் (சிறுநீர், ஆணுறுப்பு பிரச்சனைய பாக்குற டாக்டர்)கிட்டயும் இடுப்புத்தள சிகிச்சை படிச்ச ஒரு ஃபிசியோகிட்டயும் பேசி, படம் போட்டு, எத்தன நொடி இறுக்கணும் எத்தன நொடி விடணும்னு அரைப் பக்கம் போடுங்க. படத்துக்கோ விளக்கத்துக்கோ உதவி வேணும்னா நான் ரெடி.

இப்படிக்கு,
ஒரு ஃபிசியோதெரபிஸ்ட்,
மதுரை