நன்றாக ஆடுபவர் நன்றாகச் சொல்லித் தருவாரா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் வாலிபால் அணிக்குப் புதிதாக வந்திருக்கும் பயிற்சியாளர் அருமையான ஸ்மாஷர். போன வாரம் மஞ்சக்குப்பம் மைதானத்தில் ஒரு பையன், "அண்ணே, நான் அடிக்கிற பந்து ஏன் நெட்டுலயே விழுது?" என்று கேட்டான். "என்னைப் பாருடா, இப்படி அடி" என்று அவர் எகிறி அடித்துக் காட்டினார். அந்தப் பையன் பந்து வருவதற்கு முன்பே எகிறிவிடுகிறான். இறங்கும்போதுதான் கை பந்தைத் தொடுகிறது. அதைச் சொல்லத்தான் ஆளில்லை.

அமெரிக்க பேஸ்பாலில் ஒரு காலத்தில் நட்சத்திர ஆட்டக்காரரையே மேனேஜர், அதாவது அணியின் தலைமைப் பயிற்சியாளர், ஆக்குவார்கள். ஒரு சம்பளம் மிச்சம், கூட்டமும் வரும். டை காப் எப்பேர்ப்பட்ட மட்டையாளர்! 1921 முதல் 1926 வரை டெட்ராய்ட் அணியை நடத்தியும் ஒரு லீக் பட்டம்கூட இல்லை. லூ பூட்ரோ 24 வயதில் கிளீவ்லாந்து மேனேஜராகி, 1948-ல் தானும் ஆடி உலகத் தொடரை, அதாவது அந்நாட்டு பேஸ்பாலின் இறுதிப் பட்டத்தை, வென்றார். ஆகவே நட்சத்திரமே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் கானி மாக், மட்டையாளருக்குப் பின்னால் நின்று பந்து பிடிக்கும் கேட்சராக, சுமாரான ஆட்டக்காரர்தான். 50 ஆண்டுகள் பிலடெல்பியா அத்லெடிக்ஸை நடத்தி ஐந்து உலகத் தொடர் வென்றார்.

எங்கள் பயிற்சியாளரைப் பாட்டியாலா என்.ஐ.எஸ். (தேசிய விளையாட்டு நிறுவனம்) பயிற்சியாளர்களுக்கு நடத்தும் ஆறு வாரச் சான்றிதழ் படிப்புக்கு அனுப்புங்கள். செலவை ஊரில் திரட்டலாம். என் பங்கை முதலில் தருகிறேன்.

- ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.